பாட்டைக் குறை சொல்லாதீங்க... பையனைக் கவனிங்க!

"எப்பப் பாரு, கிடாரைக் கையில வெச்சுக்கிட்டு எவனோ ஒருத்தன் அழுது வடியறான். இவனும் அதைக் காதுல மாட்டிக்கிட்டு ரூமைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கான். இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் இவன் இப்படி ஆயிட்டான்!"

உங்கள் வீட்டில் இப்படி ஒரு புலம்பல் உண்டா? இல்லையென்றால், தெரிந்தவர்கள் வீட்டிலாவது கேட்டிருப்பீர்கள்.

1970-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு பாட்டு வகை பிரபலமானது. 'ஸாஃப்ட் ராக்' என்றார்கள், 'ஃபோக்' என்றார்கள். கத்தல் கிடையாது, காதைப் பிளக்கும் டிரம்ஸ் கிடையாது. ஒரு கிடார், ஒரு ஆண் குரல், அவ்வளவுதான். பாட்டை எழுதுவதும், மெட்டுப் போடுவதும், பாடுவதும் ஒரே ஆள். தன் மனசில் இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் பாடுவார். இன்றைக்கும் இளைஞர்கள் இவற்றைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள்.

இதைக் கேட்டால் மனசு கெட்டுவிடும் என்கிறார் ஒருவர். இல்லையில்லை, இதுதான் மனசுக்கு மருந்து என்கிறார் இன்னொருவர். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. பாட்டு விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. பின்னே என்ன என்கிறீர்களா? அப்படிப் பாடிய மூன்று பேருடைய கதையைப் பார்த்துவிடுவோம்.

மூன்று பேருமே 1948-ல் பிறந்தவர்கள்!

முதல் ஆள் காட் ஸ்டீவன்ஸ். லண்டனில் ஓட்டல் நடத்தியவர்களின் பிள்ளை. பதின்வயது முடிவதற்குள் பிரபல பாடகராகிவிட்டார். ஓயாத கச்சேரி, ஓயாத அலைச்சல். 1960-களின் கடைசியில் காசநோய் வந்து படுத்தார். சில மாதங்கள் ஆஸ்பத்திரி, அப்புறம் நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில் உட்கார்ந்து யோசித்தார், நிறையப் பாட்டு எழுதினார். 1970-ல் அவர் வெளியிட்ட அமைதியான பாடல்கள்தான் உலகம் முழுக்கப் பெயர் வாங்கித் தந்தன. அதில் 'ஃபாதர் அண்ட் சன்' என்று ஒரு பாட்டு. அப்பாவுக்குத் தாழ்ந்த குரல், பிள்ளைக்கு உயர்ந்த குரல் என்று இரண்டு பேருக்கும் அவரே பாடியிருப்பார். கேட்டுப் பாருங்கள், அப்பா பேசுவதும் நியாயம்தான், பிள்ளை பேசுவதும் நியாயம்தான்!

இரண்டாவது ஆள், அமெரிக்கரான ஜேம்ஸ் டெய்லர். அப்பா சாதாரண டாக்டர் இல்லை, மருத்துவக் கல்லூரி டீன்! அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கே 17 வயசில் கடுமையான மனச்சோர்வு. ஒரு நாளைக்கு 20 மணி நேரம் தூங்கினார். 1965-ல் மெக்லீன் என்ற மனநல மருத்துவமனையில் சேர்ந்து சுமார் 9 மாதம் சிகிச்சை எடுத்துக்கொண்டார். பிறகு நியூயார்க் போனவர் ஹெராயின் பழக்கத்தில் விழுந்தார்.

மூன்றாவது ஆள், நிக் டிரேக். பர்மாவில் ரங்கூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். கேம்ப்ரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பாட வந்தார். 1969-லிருந்து 1972-க்குள் மூன்றே ஆல்பம். மூன்றுமே அப்போது விலைபோகவில்லை. மனச்சோர்வு முற்றி, அப்பா அம்மாவின் வீட்டுக்கே திரும்பினார். அவர்கள் நல்லவர்கள், டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மகனின் உடல்நிலையை அப்பா டைரியில் எழுதி வைத்தார். அப்படியும் 1974 நவம்பரில், மனச்சோர்வுக்காகக் கொடுத்த மாத்திரையே அளவுக்கு மீறிப் போய், 26 வயசில் இறந்துபோனார். விசாரணையில் தற்கொலை என்று முடிவானது. தவறுதலாக நடந்திருக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு.

இப்போது சொல்லுங்கள், பாட்டா இவர்களைக் கெடுத்தது? டெய்லருக்கு நோய் வந்தது முதல், பெயர் வாங்கிய பாட்டுகள் வந்தது அப்புறம்.

சரி, பாட்டு குணப்படுத்தியதா? அதுவும் இல்லை. ஒரு தோழியின் தற்கொலையையும், போதையிலிருந்து மீள எடுத்த சிகிச்சையையும் வைத்து டெய்லர் எழுதிய 'ஃபயர் அண்ட் ரெயின்' 1970-ல் பெரிய ஹிட். ஆனால், அவர் போதையை முழுசாக விட்டது 1983 வாக்கில்தான். நடுவில் 13 வருஷம்! மனசில் இருப்பதைப் பாட்டாகச் சொல்ல முடிந்தவருக்கே இந்தக் கதி என்றால், கேட்பவர்களுக்குப் பாட்டு மட்டும் எப்படிப் போதும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். காட் ஸ்டீவன்ஸுக்கு வந்தது காசநோய். 'எழுந்து வேலையைப் பாருடா, சோம்பேறி' என்று காசநோயாளியை யாராவது சொல்வார்களா? மருந்து, ஓய்வு, நல்ல சாப்பாடு எல்லாம் கேட்காமலே வரும். மனச்சோர்வு என்றால் மட்டும் 'எல்லாம் திமிரு', 'வேலைவெட்டி இல்லாத கோளாறு', 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா?' என்கிறோம். நுரையீரலில் வந்தால் நோய், மனசில் வந்தால் நடிப்பா? இது என்ன நியாயம்!

அதனால்தான் சொல்கிறேன், பாட்டோடு சண்டை போடாதீர்கள். சோகப் பாட்டு கேட்கிற எல்லாரும் நோயாளி இல்லை. நம்மைப்போல் இன்னொருத்தனும் கஷ்டப்பட்டிருக்கிறான் என்று தெரிவதில் பலருக்கு ஒரு ஆறுதல். ஆனால், பட்ட கஷ்டத்தையே திரும்பத் திரும்ப அசைபோடுகிற சுபாவம் இருந்தால், அதே பாட்டு பாரத்தைக் கூட்டவும் செய்யும். இசைச் சிகிச்சை என்பது வேறு. மனச்சோர்வுக்கு வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்றவர் தரும் இசைச் சிகிச்சையும் சேர்ந்தால் குறுகிய காலப் பலன் கூடுகிறது என்று 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சிகிச்சையோடு சேர்ந்து என்பதை மறந்துவிடாதீர்கள். ரூமுக்குள் தனியாக ஹெட்போன் மாட்டிக்கொள்வது அந்தக் கணக்கில் சேராது.

என்ன கேட்கிறான் என்பதை விடுங்கள், எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். தூக்கம் ரொம்பக் குறைந்திருக்கிறதா, ரொம்பக் கூடியிருக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா? முன்பு பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் போய்விட்டதா? ஆண்களிடம் மனச்சோர்வு சமயத்தில் அழுகையாக வராது. எரிந்து விழுவது, குடிப்பது என்று வரும். இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பையன் மட்டுமில்லை, பெண், கணவர், ரிடையரான அப்பா யாராக இருந்தாலும் சரி.

மாத்திரை ஆரம்பித்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 'மூணு நாள் சாப்பிட்டான், ஒண்ணும் கேட்கலை' என்று நிறுத்திவிடாதீர்கள். டிரேக்குக்குக் கொடுத்தது அமிட்ரிப்டிலின் என்ற பழைய வகை மருந்து, அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும். பின்னால் வந்த மருந்துகள் பலவற்றில் அந்த ஆபத்து குறைவு. எதுவானாலும், மாத்திரை அட்டை வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் இருக்கட்டும்.

இன்னொரு பயத்தையும் விட்டுவிடுங்கள். "வாழவே வேண்டாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகுமோ என்று நினைப்பீர்கள். ஆகாது. யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 14416 இருக்கிறது. அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

டெய்லர் கதையில் ஒரு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. நியூயார்க்கில் கையில் காசில்லாமல், போதையில் தவித்தபோது, ஒரு ராத்திரி அப்பாவுக்குத்தான் போன் செய்தார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? விமானம் ஏறி வந்தார், வாடகைக் கார் எடுத்தார், பிள்ளையையும் அவன் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதை நினைத்து 1997-ல் டெய்லர் ஒரு பாட்டே வெளியிட்டார். 2015-ல், 67 வயசில், அவருடைய ஆல்பம் முதல் தடவையாக அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்த ஒரு ராத்திரியோடு நோய் தீர்ந்துவிடவில்லை, பல வருஷம் போராட வேண்டியிருந்தது. ஆனால், போராட ஆள் உயிரோடு இருந்தான்!

உங்கள் பிள்ளை விழுந்து கிடக்கும்போது முதல் போன் உங்களுக்கு வருமா? 'அப்பாகிட்ட சொன்னா திட்டுவாரு' என்று தயங்குவானா? இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். பாட்டு அது பாட்டுக்கு ஓடட்டும்.