குழிக்குள் ஏழு பந்து

எங்கள் ஃப்ளாட்ஸுக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் சீந்தாத பதவி என்பதால் இருபது வருஷத்துக்கு மேலாக என்னிடமே கிடக்கிறது. 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஒரு குழி வெட்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, சிமெண்ட் மூடி போட்டோம். அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் மூடி மேல் துளசித் தொட்டி ஏறிவிட்டது.

போன மாதம் நாலு காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தன் சிவில், ஒருத்தி சமூகவியல், ஒருத்தன் பி.காம்., நாலாவது ஒரு செமஸ்டருக்காக ஜெர்மனியிலிருந்து வந்த பையன். நாலு பேரும் சேர்ந்து ஒரு கட்டடத்தின் தண்ணீரைப் பற்றி ஒரே ரிப்போர்ட் எழுதினால்தான் மார்க்காம். (எங்கள் காலத்தில் சேர்ந்து எழுதினால் ஹாலை விட்டு வெளியே அனுப்புவார்கள்!)

சிவில் பையன் மொட்டை மாடியை அளந்தான். 2,400 சதுர அடி. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. "மூணு லட்சம் லிட்டர், அங்கிள்!" வீணாவது போனாலும் 12,000 லிட்டர் லாரியில் 20 லோடு தேறும். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையில் ஒரு லோடுக்கு லாரிக்காரர் காலில் விழாத குறை எனக்கு.

சமூகவியல் பெண் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. நேரே வாட்ச்மேன் சம்சாரத்திடம் போய் உட்கார்ந்தாள். "குழிக்குப் போற பைப்பு ஒடஞ்சு எத்தினி வருசமாச்சு! தண்ணியெல்லாம் ரோட்டுக்குத்தான் போவுது கண்ணு." பி.காம். பையன் சங்கத்து நோட்டைப் புரட்டினான். வருஷா வருஷம் 'குழி சுத்தம் செய்த வகையில் ரூ.500'. கீழே என் கையெழுத்து. (பணம் கொடுத்தேன் சார். வாங்கினவன் மூடியைத் திறந்தானா என்று பார்க்கவில்லை.)

அப்புறம்தான் சண்டை. 'வேலை செய்யவில்லை' என்று எழுதச் சொன்னான் ஜெர்மன்காரன். "பெரியவரை அப்படி முகத்தில் அடிக்கிற மாதிரி எழுதக் கூடாது. கோபம் வந்தால் குழி அப்படியேதான் கிடக்கும்" என்றாள் நம்ம பெண். "சொல்லாவிட்டாலும் அப்படியேதானே கிடக்கும்?" என்றான் அவன். என் வீட்டு ஹாலில், என் மனைவி போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, என்னைப் பற்றி ஒன்றரை மணி நேரம் இங்கிலீஷில் விவாதம். நான் பேப்பர் படிக்கிற பாவனையில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் 'வேலை செய்யவில்லை' என்றே எழுதினார்கள். ஆனால் அடுத்த வரியிலேயே பைப்பை இணைக்க, மணலை மாற்ற என்ன செலவு, எத்தனை லாரி மிச்சம் என்று கணக்கு. என் பெயர் எங்குமில்லை. வேலை தொடங்கும் தேதிக்கு மட்டும் இடம் விட்டு, என்னிடம் பேனாவை நீட்டினாள் அந்தப் பெண். "வர்ற ஞாயித்துக்கிழமைன்னு போடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தால், உடைந்த பைப் வழியாக உள்ளே போயிருந்த ஏழு ரப்பர் பந்து! ஒன்றில் என் பையனின் இனிஷியல். அதைத் தொலைத்ததற்காக அன்றைக்கு அவனை அடித்திருக்கிறேன். இப்போது பெங்களூரில் வேலை. ராத்திரியே போன் போட்டுச் சொன்னேன்.

"அப்பா, தண்ணி லாரி வந்துடுச்சு. அப்புறம் பேசறேன்" என்றான்.