இறக்கத்துக்குப் பரிசு கொடுங்கள்

ஏற்காடு லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தால் பருந்துகளைத்தான் பார்ப்பேன். காற்று சேர்வராயன் சரிவில் மோதி மேலெழும்ப, அவை சிறகசைக்காமல் மிதக்கும்.

அப்படி ஒரு மாலையில் பேரனுக்கு ராக்கெட் கிளைடர் போட்டியைப் பற்றிச் சொன்னேன். சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பில் எஸ்8 என்று ஒரு பிரிவு. சின்ன ராக்கெட் மோட்டார் சில விநாடிகளில் மாடலை மேலேற்றிவிடும். பிறகு ரேடியோவால் திருப்பித் திருப்பி ஏறுகாற்றைப் பிடித்து, 360 விநாடி மிதக்கவிட்டு, குறித்த இடத்தில் இறக்க வேண்டும். அதிக நேரம் பறந்தாலும் புள்ளி குறையும்.

"ரொம்ப நேரம் பறந்தா நல்லதுதானே தாத்தா?" என்றான்.

"மிதக்கிறது காற்றோட தயவு. சொன்ன நேரத்துல இறக்கறதுதான்டா உன் சாமர்த்தியம்" என்றேன்.

இஸ்ரோ கதையும் இதுதான். சிறகு வைத்த ஆர்.எல்.வி. 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டில் ஏறி, வங்கக்கடலில் இறங்கியது. ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்டு, ஓடுபாதையில் தானாக இறங்கிக் காட்டியது 2023 ஏப்ரல் 2 அன்று, சித்ரதுர்கா அருகே. இடையில் ஏழு வருஷம்!

நம் பள்ளிக் கண்காட்சிகளிலோ புகை கக்கி மேலே போகும் ராக்கெட்டுக்குத்தான் கைதட்டல். கையால் எறியும் கிளைடரைக் கோட்டுக்குள் இறக்கும் பிள்ளைக்கும் ஒரு பரிசு வையுங்கள். செலவு குறைவு, பிள்ளைகள் கையில் வெடிமருந்தும் வேண்டாம்.