மூழ்குமா மச்சி, மிதக்குமா?

தூண்டிலில் மண்புழு கோத்துட்டு உட்கார்ந்திருந்தது தாத்தா ஸ்டைல். விராலுக்கு ரப்பர் தவளை, கொடுவாவுக்கு பிளாஸ்டிக் மீன்னு பொய் இரை போட்டு இழுப்பது பேரன் ஸ்டைல். ஆனா, கடையில் நாலு 'லூர்' வாங்கினா பாக்கெட் மணி காலி. 'நாமே செஞ்சா என்ன?'ன்னு கை பரபரக்குதா? தாராளமா செய்யலாம். கிடைச்ச பிளாஸ்டிக்கை எல்லாம் அறுக்கும் முன் ஒரு நிமிஷம்!

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் இல்லை பாஸ், பெரிய கூட்டுக் குடும்பம். யார் எப்படின்னு கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வாட்டர் பாட்டிலில் ஒரு துண்டு, அதன் மூடியில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்க. காற்றுக் குமிழி ஒட்டாமல் விரலால் அமுக்கி விடுங்க. மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், அடர்த்தி 1-க்குக் கீழே. பாட்டில் 'பெட்', 1.38. ஒரே பாட்டிலில் ரெண்டு ரகம்!

மூழ்கின துண்டுகளுக்கு செகண்ட் ரவுண்ட். 200 மில்லி தண்ணீரில் 25 கிராம் உப்பைக் கரைச்சு அதில் போடுங்க. பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்ஸும் (சுமார் 1.05) இதில் மேலே வந்துடும். அக்ரிலிக், பாலிகார்பனேட், பெட் எல்லாம் அடியிலேயே கிடக்கும்.

'அப்போ மிதக்கிற லூருக்கு பாலிப்ரொப்பிலீன்தான்'னு முடிவு கட்டிட்டீங்களா? அவசரப்படாதீங்க. 10 கிராம் எடையில் கெட்டியான பாலிப்ரொப்பிலீன் உடம்பு, தன்னைத் தவிர சுமார் 1 கிராமைத்தான் கூடுதலாகத் தாங்கும். 3 கிராமுக்கு கொக்கி மாட்டினா... ஜலசமாதி! கடை லூர்களில் பல, தண்ணீரைவிடக் கனமான ஏ.பி.எஸ்ஸில் செய்தவைதான். உள்ளே காற்று இருப்பதால் மிதக்குது. ஆக, மிதக்கணும்னா உடம்பு கூடாக இருக்கணும். இல்லாட்டி கார்க் மாதிரி லேசான பொருளுக்கு மாறணும். இன்னொண்ணு, பாலிப்ரொப்பிலீனில் பெயின்ட் சரியாக ஒட்டாது. உரிஞ்சு வரும்.

அடுத்து, லூரின் முகத்தில் தண்ணீரைத் தள்ளி ஆட்டம் போட வைக்கிற தகடு, அதாவது 'லிப்'. இதுக்கு அக்ரிலிக் வேண்டாம். பாறையில் ஒரு அடி பட்டா படக்குனு உடையும். அடிக்கு ஈடுகொடுப்பது பாலிகார்பனேட். எங்கே கிடைக்கும்? வீட்டுப் பரணில்! பழைய சி.டி. எல்லாமே 1.2 மி.மீ. பாலிகார்பனேட்தான். லேபிளைக் கீறி, செலோ டேப் ஒட்டிப் பிய்ச்சா வெள்ளிப் பூச்சு வந்துடும். கத்தரிக்கோல் வேண்டாம், விரிசல் விடும். மெல்லிய ரம்பத்தால் மெதுவா அறுங்க. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இப்போ சீரியஸ் மேட்டர். மெத்து மெத்து புழு லூர் செய்ய ஆசைப்பட்டு, பழைய பி.வி.சி. பைப்பையோ ஒயரின் உறையையோ ஹாஸ்டல் ரூமில் உருக்கவே உருக்காதீங்க. பி.வி.சி. அதிகம் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரமான மூக்கிலும் நுரையீரலிலும் பட்டதும் அது ஆசிட்! மீனுக்கு வெச்ச தூண்டிலில் நீங்க மாட்டுவீங்க. மெத்து ரகம் மட்டும் கடையிலேயே வாங்கிக்குங்க. அதையும் பாலிஸ்டைரீன் டப்பாவில் போட்டு வைக்காதீங்க. அதை வளைய வைக்கிற எண்ணெய் கசிந்து டப்பாவையே கரைக்கும்.

கடைசியா ஒண்ணு. கொக்கியைப் பிளாஸ்டிக்கில் மட்டும் நம்பி மாட்டாதீங்க. மூக்கிலிருந்து வால் வரை ஒரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை ஓட்டி, அதில் கொக்கியையும் நரம்பையும் கோத்துடுங்க. உடம்பு நொறுங்கினாலும் மீன் உங்க கையில்தான். கம்பி இல்லாத லூர் உடைஞ்சா என்ன ஆகும்? வாயில் கொக்கியோடு ஒரு மீன் தப்பிப் போகும். உங்க பிளாஸ்டிக், நீங்க டிகிரி வாங்கி, வேலைக்குப் போய், ரிட்டயர் ஆன பிறகும் அந்த ஏரியிலேயே கிடக்கும்.

அதனால முதல் லூரை ஏரிக்குக் கொண்டு போகாதீங்க. வாளித் தண்ணீரில் மிதக்க விடுங்க, கையால் பலமா இழுத்துப் பாருங்க. அதில் பாஸானா... ஏரிக்கரையில் சந்திப்போம்!