வேலையோடு போகும் வீடு வேண்டாம்!

தோழர்களே! "சிக்கனமாய் வாழுங்கள், வீடு வாங்கலாம்" என்று நமக்கு உபதேசம் செய்யாதவர் இல்லை. கல்யாணக் கடனும் கள்ளுக்கடைக் கணக்கும் குறையட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் சிக்கனம் நமக்குப் புதிதா? தோட்டத் துண்டாடல் நம்மை விரட்டிய காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கினோமே!

லயத்து வீடு வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வயது முடிந்தால் வெளியேறு; தோட்டம் கைமாறினால் மூட்டையைக் கட்டு. பிராங் பெசார் தோட்டத்தில் 1995-இல் புத்ராஜெயா எழத் தொடங்கியது. மண் பொன்னாயிற்று, பால் வெட்டியவர்களுக்கோ டிங்கிலில் அடுக்குமாடி! 1990-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் குழாய்நீரும் மின்சாரமும் கொடுக்கச் சொல்கிறது. வீட்டைச் சொந்தமாக்கச் சொல்லவில்லை.

பட்டணத்து வீட்டு விலை நம் சம்பளத்துக்கு எட்டுமா? ஆகவே கேட்கிறோம்: தோட்டத்தை விற்குமுன், அந்த மண்ணிலேயே தொழிலாளிக்கும் கிராணிக்கும் சொந்தத் தரைவீடு கொடு! கிளைதோறும் இதைத் தீர்மானமாக்குவோம். காடழித்தவர்கள் கூரை கேட்பது பிச்சையா? சிந்திப்பீர்; ஒன்றுபடுவீர்!