சொல்லும் பழியும்

அமெரிக்க ஆசிரியர் ஜான் கிரிஷாம் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஸ்ட்ரீட் லாயர்' என்னும் நாவலை விறுவிறுப்பான கதையென்றே பலரும் போற்றுவர். சொல்லின் பொறுப்பை உணர்த்தும் நூலென்று அதனைக் கூறுதலே தகுமென்பது எம் கருத்து.

வாஷிங்டன் நகரத்துப் பழைய பண்டகசாலையொன்றில் ஏழைகள் சிலர் மாதவாடகை செலுத்தி வாழ்கின்றனர். அத்தகையோரை முன்னறிவிப்பின்றி வெளியேற்றச் சட்டம் இடங்கொடாது. ஆயினும், செல்வர்க்குத் துணைநிற்கும் பெரிய வக்கீல் நிறுவனமொன்று, வாடகையைக் குறித்த குறிப்பை மறைத்து, அவர்களை 'அத்துமீறிக் குடியேறியோர்' என்றாக்கிப் பனிக்காலத்தில் தெருவில் தள்ளுகின்றது. அவருள் ஒரு தாயும் மக்கள் நால்வரும், மோட்டார் வண்டிக்குள் குளிருக்கு ஒதுங்கிய இரவில், நச்சுப்புகையால் மாள்கின்றனர்.

அந்நிறுவனத்து இளம் வக்கீல் மைக்கேல் பிராக் அவ்வழக்கின் தஸ்தாவேஜுக் கட்டினைத் திருடுகின்றான்; பதவி துறந்து வீடற்றோர்க்காக வாதாடுகின்றான். நன்மைக்காகத் திருடலாமோ எனின், ஆகாதென்றே யாமும் சொல்வோம். ஆசிரியரும் அவனைத் தண்டியாது விட்டாரல்லர். தொழில் புரியும் உரிமையை அவன் சிலகாலம் இழக்கின்றான். ஆனால், காகிதம் திருடியவனை அளந்த கோலால், வாழ்விடம் திருடிய சொல்லையும் அளக்கவேண்டாமா? முன்னதைக் களவென்கிறோம், பின்னதை அலுவலென்று விட்டுவிடுகிறோம்!

நண்பர்காள், நாளை நம்மிற் சிலர் வக்கீல்களாவர், சிலர் அதிகாரிகளாவர். நம் எழுதுகோலின் ஒரு சொல் ஒரு குடும்பத்தின் கூரையாகலாம். ஆதலின், எழுதுமுன் அச்சொல்லுக்குரியாரின் முகத்தை ஒருமுறை நேரிற் காண்போமாக.