தகரப் பெட்டியும் மூன்று தேதிகளும்

சகோதரிகளே, போன தடவை மழைக்காலத்தில் மிளகாய்த்தூளும் தனியாத்தூளும் பூசணம் பிடிக்காமல் வைப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஓர் இளம் தாயார், வீட்டுக் காகிதங்களைப் பத்திரப்படுத்துவது பற்றியும் எழுதுங்களேன் என்று கேட்டிருந்தார். கேட்டவருக்கு என் வீட்டுக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் கேட்கத் தயங்கியிருப்பார். எங்கள் வீட்டில் நகைப் பெட்டி கிடையாது. காகிதப் பெட்டிதான் உண்டு.

2025 நவம்பரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கவரைப்பேட்டைக்குப் போயிருந்தேன். கூடவே என் மகளும் வந்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாடு முழுவதும் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்துகிறோம் என்று 4-ஆம் தேதியிலிருந்து வீடு வீடாகப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கன்வாடி டீச்சர்தான் வந்தார். தெருவே அமளிப்பட்டது. 20 வருஷத்துக்கு முந்தின பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறதா, பாட்டி பெயர் இருக்கிறதா என்று ஆளாளுக்குத் தேடுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "என்னம்மா இது, பொறந்த தேதிய வச்சு மூணு வகையா பிரிச்சிருக்கான்! 1987 ஜூலை 1-க்கு முன்னாடி, அதுக்கப்புறம் 2004 டிசம்பர் 2 வரைக்கும், அதுக்கும் அப்புறம்னு. இந்தத் தேதியெல்லாம் எங்கேருந்து புடிச்சாங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்பங்கரை நாள்காட்டியில் குறித்து வைக்காத குறையாக அந்தத் தேதிகளை எத்தனையோ வருஷமாக மனப்பாடமாக வைத்திருக்கிறேனே!

குடியுரிமைச் சட்டம் 1955-ஆம் வருஷத்தது. அதன்படி 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்த குழந்தை, அப்பா அம்மா யாராக இருந்தாலும், அநேகமாக எல்லாமே இந்தியக் குழந்தைதான். அந்தத் தேதிக்குப் பிறகு, பெற்றவர்களில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகிவிட்டது. ஒருவர் இந்தியர் என்றால், மற்றவர் சட்டப்படி தாள் இல்லாமல் வந்தவராக இருக்கக் கூடாது. இதுதான் சங்கதி.

என் மகன் பிறந்தது 2003. மகள் பிறந்தது 2007. இரண்டும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு. பையன் இந்தியன். 2024 ஏப்ரலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு விரலைக் காட்டிக்கொண்டு வந்தான். பெண்ணோ, சட்டக் கணக்கில் இன்னும் எந்த நாட்டுக்காரி என்று முடிவாகாதவள். ஏனென்றால் அவளுடைய அப்பா 1990-இல் 12 வயதுப் பிள்ளையாகப் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். படகுக்கு யார் விசா கொடுத்தார்கள்?

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிப்காட் கம்பெனிகளில் தினக்கூலிக்குப் போகிறவர்களும், சென்னை வரைக்கும் பெயின்ட் அடிக்கப் போகிறவர்களும் அங்கே நிறையப் பேர். இவரும் எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்தான். அதற்கு மேல் விவரம் கேட்காதீர்கள், வளர்ந்த பிள்ளைகள் படிப்பார்கள்! 2001-இல் சிறுவாபுரி முருகன் கோவிலில் தாலி கட்டினார். சொந்த வீடு வேண்டும் என்று ஆறு செவ்வாய்க்கிழமை ஜனங்கள் அந்த முருகனைத் தேடி வருவார்கள். நான் அங்கே போய் நின்று வீடு கேட்டதில்லை. ஒரு தாள் கேட்டிருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவருடைய பூர்வீகம் இலங்கையே அல்ல. புதுக்கோட்டைப் பக்கம். என் மாமியாரின் தாத்தா காலத்தில் கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். 1948-இல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. பிறகு 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பருப்பு அளந்து போடுகிற மாதிரிதான்.

அத்தையின் அப்பா இந்தியாவுக்கே எழுதிப் போட்டாராம். அந்த விண்ணப்பத்தின் ரசீது இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து, பழுத்த வெற்றிலை நிறத்தில். பதில் வருமுன் 1977 கலவரம். மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். அங்கேதான் மறு வருஷம் இவர் பிறந்தார். 1984-இல் தலைமன்னார் கப்பலும் நின்றுபோயிற்று. இந்தியப் பாஸ்போர்ட் கைக்கு வந்தவர்களே ஆயிரக்கணக்கில் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள் என்றால், ரசீது மட்டும் வைத்திருந்தவர்கள் கதி? கடைசியில் 1990 சண்டையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "எங்க அய்யா எழுதிப்போட்ட ஊருக்குத்தான் தாயி வந்தோம். அவுக கூப்பிடல, நாங்களா வந்துட்டோம்" என்பார் அத்தை. வந்த இடத்தில் பெயர் அகதி. 2021 ஆகஸ்டில் நம் அரசாங்கம் அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அது ஒரு மரியாதை, மறுக்கமாட்டேன். போர்டில் எழுத்து மாறிய அன்று அத்தை வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த விவகாரம் எனக்கே விளங்கியது மகள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்கு வந்த பிறகுதான். ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குள் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "பையனுக்குச் சரிம்மா. பொண்ணுக்கு இப்படி வராது" என்றார். "ரெண்டும் நான் பெத்ததுதான் ஸார்" என்றேன். "அது எனக்குத் தெரியுதும்மா, சட்டத்துக்குத் தெரியணுமே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லி நிதானமாகத்தான் விளக்கினார். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு டிக்கெட் வாங்கக்கூடத் தோன்றவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை கேட்டார்.

உங்களில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் பச்சை அட்டைக்காகக் காத்திருப்பார்கள். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று அங்கே ஒரு வரம்பு. நம் ஜனத்தொகைக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே வருஷக்கணக்கில் நிற்கிறார்கள். அந்தத் தாய்மார்கள் படுகிற பாடு எனக்குப் புரியும். இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். அங்கே ஒரு வரிசை இருக்கிறது, இன்ன தேதிக்காரர்கள் உள்ளே வரலாம் என்று மாதாமாதம் அறிவிக்கிறார்கள். எங்களுக்கு வரிசை எது என்றே தெரியாது. இந்தியரைக் கட்டிக்கொண்டவர் 7 வருஷம் இங்கே இருந்தால் குடியுரிமைக்கு எழுதிப் போடலாம். ஆனால் தாள் இல்லாமல் வந்தவர் எழுதக் கூடாது. 2019-இல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்த சில மதத்தாருக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை.

"இலங்கைத் துணைத் தூதரகத்தில் பெண்ணைப் பதிந்துவிடேன், ஏதாவது ஒரு நாடு கிடைக்குமே" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. திரும்பிப் போக நினைக்கிற குடும்பங்களுக்கு அது சரியான வழிதான். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அவளை வெளிநாட்டுக்காரி என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? கவரைப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டி உலகம் தெரியாத பெண்!

சரி, காகிதத்துக்கு வருகிறேன். இளம் தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். பிரசவமானால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் வைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமில்லை, தாமதமானால் பணமும் அலைச்சலும்தான். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு அந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம். பெயரின் எழுத்து எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். என் வீட்டுக்காரர் பெயர் ஒரு தாளில் 'ஸ்'-ஸிலும் இன்னொன்றில் 'ச'-விலும் இருந்ததற்கு, இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க நான் நடந்த நடை இருக்கிறதே, அதில் பாதி நடந்திருந்தால் திருப்பதி மலையே ஏறியிருப்பேன்.

அசல் தாள்களை லேமினேஷன் செய்யாதீர்கள். முத்திரையைச் சரிபார்க்க முடியவில்லை என்று திருப்பி விடுவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிக்காமல் வையுங்கள். பழைய தாளை ராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுவேன். வெயில் காலத்தில் ஒரு நாள் நிழலில் உலர்த்தி எடுப்பேன். பெட்டி தரையில் இருக்கவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெரிந்தவர் வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரமெல்லாம் கூழாகிப் போயிற்று. எங்கள் பெட்டி பரண் மேல்தான். கேலி செய்யாதீர்கள், 2023 டிசம்பர் புயல் மழையில் நான் முதலில் இறக்கியது அதைத்தான். குக்கரை மறந்துவிட்டேன்.

ஆயிற்று, அம்மா வீட்டு வாசலுக்குத் திரும்புவோம். அந்த அங்கன்வாடி டீச்சர் எனக்கும் பையனுக்கும் படிவம் கொடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, "பாப்பாவுக்கு 18 ஆயிடுச்சாக்கா? புதுசா பேர் சேர்த்துடலாமே" என்றார். எனக்குச் சொல் எழவில்லை. மூன்றாவது வகையில் பிறந்தவர்கள் அப்பா அம்மா இருவருக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பெற்றவரில் ஒருவர் இந்தியர் இல்லையென்றால், குழந்தை பிறந்தபோது அவரிடம் இருந்த பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்று அந்த விளக்கத்தில் எழுதியிருந்தது. மகளே வாங்கிப் படித்தாள். படித்து முடித்து, "இல்ல டீச்சர், எங்க அப்பா படகுல வந்தவரு" என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்கு ஆற்றமாட்டாமல் இருந்தது.

இராத்திரி கேட்டாள்: "அண்ணனுக்கு முன்னாடி என்னைப் பெத்திருந்தா என்னம்மா?" நர்ஸ் படிக்க ஆசைப்படுகிற பெண். அரசாங்க ஆஸ்பத்திரி வேலை மனுவிலும் குடியுரிமை கேட்பார்கள், வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கி, நான் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைச் செய்தி ஒன்றைக் காட்டினேன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், 1987-க்கு முன் பிறந்ததால் நான் இந்தியக் குடிமகள் என்று வழக்குப் போட்டு, 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஜெயித்து, பாஸ்போர்ட் வாங்கி, 2024-இல் ஓட்டும் போட்டார். மகள் படித்துவிட்டு, "அவங்க முதல் தேதிம்மா. நான் மூணாவது" என்றாள். உண்மைதான். ஆனாலும் அந்தத் தாளைக் கிழிக்காமல் அவளே உறைக்குள் போட்டாள்.

2025 செப்டம்பர் 1-இல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. 2015 ஜனவரி 9 வரைக்கும் இங்கே அடைக்கலம் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாது என்று. அது குடியுரிமை ஆகாது. இருந்தாலும் 35 வருஷத்துக்குப் பிறகு இவர் வந்தது குற்றமில்லை என்று ஒரு தாள் சொல்கிறதே! இவர் அதை நகல் எடுத்து வந்து, சாப்பிடும் முன் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அத்தை இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார்.

அதைப் பெட்டியில் வைக்கப் போனால் மூடி அழுந்தவில்லை. போன வாரம் பஜாரில் இன்னும் ஒரு சாண் பெரிய பெட்டியாகப் பார்த்து, கடைக்காரரிடம் பேரம் பேசி வாங்கி வந்தேன். அத்தை தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெருசு எதுக்கு தாயி?" என்றார். மகள் முந்திக்கொண்டு, "எனக்கு வேணும் அப்பாயி" என்றாள்.