பச்சை பாட்டில் பங்காளிகள்

ஜெர்மனியில் தயாராகும் யேகர்மைஸ்டர் என்ற மூலிகை மதுவை முதன்முறை ருசிபார்க்கும் அமெரிக்கர் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது இன்னொரு மது அல்ல. சளி பிடித்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மருந்து. குறிப்பாக நைக்வில். சளி, இருமல் தொல்லையில்லாமல் இரவில் தூங்குவதற்காக 1966-ல் அங்கே விற்பனைக்கு வந்த பச்சைத் திரவம் அது. ‘காசு கொடுத்து இருமல் மருந்தையா குடிக்கிறாய்?’ என்பது அந்த ஊர் நண்பர்கள் வட்டத்தில் பழைய கேலி.

கேலி இருக்கட்டும். நாக்கு பொய் சொல்லவில்லை.

யேகர்மைஸ்டர் 1935-ல் வூல்ஃபன்பூட்டல் என்ற சிறுநகரத்திலிருந்து சந்தைக்கு வந்தது. பாட்டில் பச்சை, உள்ளே இருப்பது கரும்பழுப்பு. மொத்தம் 56 மூலிகைகளும் வாசனைப் பொருட்களும் சேர்கின்றன. முழுப் பட்டியல் ரகசியம். வெளியே சொன்னவற்றில் அன்னாசிப்பூ, பட்டை, ஏலக்காய், இஞ்சி எல்லாம் உண்டு. நம்மூரில் இதைக் கேட்டால் பிரியாணி மசாலா என்பார்கள். அன்னாசிப்பூவிலும் சோம்பிலும் இருக்கும் அனிதோல் என்ற பொருள்தான் அந்த இனிப்பு கலந்த மருந்து வாசனைக்குக் காரணம். பச்சை நைக்வில்லின் சுவையும் இதே சோம்பு, அதிமதுர வகைதான். இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால் பங்காளிகள் என்று தெரிந்துவிடும்.

இதில் மூத்த பங்காளி மதுதான். அதுவும் மருந்தாகவே பிறந்தது. பிரான்ஸின் ஷார்த்ரூஸ், 130 தாவரங்கள் சேர்த்துக் கிறிஸ்தவத் துறவிகள் காய்ச்சுவது. 1605-ல் அவர்கள் கைக்கு வந்த ஓலை ஒன்றில் நீண்ட ஆயுளுக்கான மருந்துக் குறிப்பாகத்தான் அது இருந்தது. செக் நாட்டின் பெஹரோவ்கா, 1807-ல் கார்லோவி வாரி நகரத்தில் வயிற்றுக் கோளாறுக்கான சொட்டு மருந்தாக விற்கப்பட்டது. பட்டையும் கிராம்பும் தூக்கலாக இருப்பதால், பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டவர்களுக்கு அது புதுச் சுவையாக இருக்காது. இத்தாலியின் ஃபெர்னெட் பிராங்கா 1845-ல் மிலான் நகரில் தோன்றியது. கற்றாழை, வெள்ளைப்போளம், குங்குமப்பூ எல்லாம் சேர்ந்த கசப்பு. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில்கூட மருந்து என்ற பெயரில் அது உள்ளே போனது. ஒரு வாய் குடித்தால் மருந்து என்று நம்பாமல் இருப்பது கடினம். அவ்வளவு கசப்பு.

மூலிகையை ஏன் மதுவில் ஊறப்போட்டார்கள்? நறுமண எண்ணெய்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, சாராயத்தில் கரையும். கெட்டும் போகாது. கசப்பை மறைக்கச் சர்க்கரை. சாராயம், சர்க்கரை, மூலிகை எண்ணெய் என்ற இந்தக் கூட்டணி நமக்கும் அந்நியமில்லை. வீட்டு அலமாரியில் தசமூலாரிஷ்டம் இருந்தால் லேபிளைப் பாருங்கள். நொதிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தொடங்கி நம் பாட்டிமார் வரைக்கும் வந்த கிரைப் வாட்டரிலும் முன்பு சோயிக்கீரை எண்ணெய், சர்க்கரையோடு 3.6 சதவீதம் ஆல்கஹால் இருந்தது. ‘குடித்ததும் குழந்தை அழுகையை நிறுத்தி உறங்கியது’ என்றால், ஏன் உறங்காது?

இளைய பங்காளியின் கதை வேறு. சளி மருந்தில் வேலை செய்வது மூலிகை அல்ல, ஆய்வகத்தில் செய்த ரசாயனம். பச்சை நைக்வில்லில் இருப்பவை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், மூக்கொழுகலுக்கும் தூக்கத்துக்கும் டாக்ஸிலமின். சும்மா கொடுத்தால் கசப்பில் யாரும் விழுங்க மாட்டார்கள். அதனால் பழைய மூலிகை மருந்தின் சுவையைச் சட்டையாக மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஆல்கஹாலும் கூடவே வந்தது. முன்பு 25 சதவீதம் இருந்தது, இப்போது 10. ஆல்கஹால் இல்லாத வகையும் கிடைக்கிறது.

அந்தச் சட்டைக்கும் கொஞ்சம் சக்தி உண்டு. மென்தால் பட்டதும் மூக்கு திறந்ததுபோல் இருக்கிறதே, உண்மையில் அடைப்பு அப்படியேதான் இருக்கும். நரம்பில் குளிரை உணரும் ஏற்பி ஒன்றை மென்தால் தட்டி எழுப்புகிறது, மூளை ஏமாறுகிறது. அந்த ஏற்பியை மென்தால் கொண்டே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவரும் 2021-ல் நோபல் பரிசு பெற்றவர்கள். இருமல் சிரப்பின் பலனில் பெரும்பங்கு மருந்தால் அல்ல, அந்தப் பாகு தொண்டையில் இறங்குவதாலும் அதன் சுவையாலும் வருவதே என்று பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளியை ஆராய்ந்த ரான் எக்கில்ஸ் நெடுநாள் வாதாடியிருக்கிறார். தேனும் சுக்கும் கொடுத்த பாட்டி இதற்கு ஆராய்ச்சி எதுவும் கேட்டிருக்க மாட்டாள்.

ஆனால் சட்டையை மட்டும் பார்த்து ஆளை நம்பியதால் வந்த வினை பெரிது. 1937-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்று சல்ஃபானிலமைடு மாத்திரையைத் திரவமாக்க நினைத்தது. கரைக்க டைஎத்திலீன் கிளைகால், சுவைக்கு ராஸ்பெர்ரி. நிறுவனத்தின் ஆய்வகம் சுவை, நிறம், மணம் மூன்றையும் சோதித்து ‘சரி’ என்றது. விஷமா என்று மட்டும் சோதிக்கவில்லை. 100-க்கும் மேற்பட்டவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதைவிடக் கொடுமை, விஷம் விற்றதைத் தடுக்க அன்று அங்கே சட்டம் இல்லை. ‘எலிக்ஸிர்’ என்று பெயர் வைத்தால் உள்ளே ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்ற காரணத்தைச் சொல்லித்தான் அதிகாரிகளால் பாட்டில்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது! விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் 1938-ல் வந்தது.

டைஎத்திலீன் கிளைகாலும் இனிக்கும். அதுதான் அதன் வஞ்சகம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, அவர்களுக்குக் கொடுத்த இருமல் மருந்தில் இதே பொருள் இருந்தது தெரியவந்தது. மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். கரைப்பானாகச் சேர்க்கும் பொருளைச் சோதிக்க வேண்டியது ஆலையும் அரசும். தாயின் நாக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தச் சம்பவத்தை ஒட்டி, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை நினைவூட்டியது. பெரும்பாலான சளி தானாகவே போய்விடும்.

பெரியவர்களுக்கும் ஒன்று. பாராசிட்டமால் கலந்த சளி மருந்தோடு மதுவைச் சேர்ப்பது கல்லீரலுக்கு ஆபத்து. தூக்க மருந்து உள்ளதாக இருந்தால் மயக்கம் இன்னும் கூடும். யேகர்மைஸ்டரைக் குடித்தால் சளி போகும் என்பதும் கதைதான். 35 சதவீத ஆல்கஹாலுக்கு முன்னால் 56 மூலிகையும் வெறும் வாசனை.

நைக்வில் பாட்டிலோடு ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கிண்ணம் வரும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 30 மில்லி என்று அதில் கோடு போட்டிருக்கும். மதுக்கூடத்துக் கோப்பையைவிட அது கொஞ்சம்தான் சின்னது.